மூடுவதற்கு முன் போட்ட கையெழுத்து

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். கோச்சடையில் எங்கள் தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. இவரை நம்பி எப்படித்தான் விமானத்தை விடுகிறார்களோ என்று மனைவி ஒருமுறை கேட்டாள். இப்படி இருப்பதால்தான் விடுகிறார்கள் என்று கெத்தாகப் பதில் சொன்னேன்.

மதுரை விமான நிலையத்தில் நான் பராமரிப்புப் பொறியாளர். வந்து இறங்கும் விமானத்தைச் சுற்றிப் பார்த்து, செய்த வேலையைப் பதிவேட்டில் எழுதி நான் கையெழுத்துப் போட்டால்தான் அது மறுபடி கிளம்ப முடியும். அதைப் படித்துவிட்டு, விமானத்தை ஏற்றுக்கொண்டதாகக் கேப்டன் கீழே கையெழுத்துப் போடுவார். நகல் தாளைக் கிழித்து நாங்கள் வைத்துக்கொள்வோம். புத்தகம் விமானத்தோடு பறந்துவிடும்.

இதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. விமானம் நிற்கும் இடத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். விமானிகள் அறையிலோ ஏசி. ஆகவே கடைசி வேலை ஒன்றிரண்டு பாக்கி இருக்கும்போதே மேலே போய் எல்லாவற்றையும் முடிந்ததாக எழுதிவிடுவேன். இறங்கி வந்து அதையும் செய்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். பல வருடமாகச் சரியாகத்தான் வந்தது.

அன்று மதியம் ஐதராபாத் போக வேண்டிய விமானம் தாமதமாக வந்தது. இடது இன்ஜினில் எண்ணெய் குறைந்திருந்தது. சின்ன ஏணியில் ஏறி இரண்டு டப்பா ஊற்றினேன். எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திருகப் போகும் நேரத்தில், புத்தகம் கேட்கிறார்கள் என்று ஒருவர் ஓடி வந்தார். மூடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே போனேன்.

கேப்டன் மதுரைப் பெண். அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். பரீட்சைத் தாள் திருத்துவதுபோல வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பார். எண்ணெய் ஊற்றியதும், மூடியைப் பூட்டிச் சரிபார்த்ததும் என் கையெழுத்தில் அழகாக இருந்தன.

"எல்லாம் முடிஞ்சதாண்ணே?"

"முடிஞ்சது மேடம்."

கையெழுத்துப் போட்டார். இறங்கி வந்தால், பெட்டி ஏற்றும் வண்டியை ஒருவர் இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தியிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவரைப் பிடித்துக் கத்தித் தீர்த்தேன். பிறகு அந்த மூடியை மறைக்கும் இன்ஜின் பக்கவாட்டுக் கதவைச் சாத்தினேன், ஏணியை எடுத்தேன், விமானம் போய்விட்டது.

விமானம் கிளம்பிய கையோடு ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போது கப்பலூரில் டீ குடிக்க நின்றேன். கைக்குட்டைக்காகப் பையில் கைவிட்டபோது துடைக்கும் துணி வந்தது. எண்ணெய் ஊற்றினால் விளிம்பைத் துடைத்துவிட்டுத்தான் மூடுவேன். துடைத்த துணியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவேன். இந்தத் துணியோ மடிப்புக் கலையாமல், ஒரு சொட்டு எண்ணெய் படாமல் இருந்தது.

டீயை அப்படியே வைத்துவிட்டேன். கதவைச் சாத்தியது நினைவிருக்கிறது. வண்டிக்காரரின் முகம் நினைவிருக்கிறது. மூடியைத் திருகியது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அலுவலகக் கோப்பில் நகல் இருக்கிறது. போய்ப் பார்த்தால் பூட்டியாகிவிட்டது என்றுதான் சொல்லும். மூடுவதற்கு முன்னால் எழுதிய தாளிடம் மூடினேனா என்று எப்படிக் கேட்பது?

நிறுத்தியிருந்த லாரிகளுக்கு இடையே மேலும் கீழும் நடந்தேன். மூடி திறந்திருந்தால் எண்ணெய் கசியும். நடுவானில் இன்ஜினை நிறுத்த வேண்டி வரலாம். அளவு குறைந்தால் கேப்டனுக்குத் திரையில் தெரியுமே, நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று ஒரு மனசு. குறைந்து தெரிந்த பிறகு அவருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று இன்னொரு மனசு. சொன்னால் உரிமம் போகலாம். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது. டீக்கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

பராமரிப்புக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். அங்கிருந்த அதிகாரி முழுதாகக் கேட்டுவிட்டு, "புக்ல என்ன எழுதியிருக்கீங்க?" என்றார்.

"பூட்டியாச்சுன்னு எழுதியிருக்கேன் சார்."

"அப்புறம் என்ன?"

தப்பித்துக்கொள்ள அந்த ஒரு கேள்வி போதும்.

"மூடுறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன் சார்."

அவர் விமானத்தின் எண்ணையும் கிளம்பிய நேரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, கேப்டனுக்குச் செய்தி அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

கப்பலூர் தொழிற்பேட்டைச் சாலையில் எத்தனை முறை நடந்தேன் என்று தெரியாது. மறுபடி போன் வந்தது: கேப்டன் எண்ணெய் அளவைக் கவனித்துக்கொண்டே போகிறார், குறையவில்லை. அடுத்த போன்: இறங்கிவிட்டது, திறந்து பார்த்தார்கள், மூடி இறுகப் பூட்டியிருந்தது. துடைக்காமலே மூடியிருக்கிறேன், கோபத்தில் கை தன்பாட்டுக்கு வேலையை முடித்திருக்கிறது. பைக்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் கேப்டனே கூப்பிட்டார்.

"மூடி நல்லாத்தான் பூட்டியிருக்குண்ணே."

"சொன்னாங்க மேடம்."

"நான் கையெழுத்துப் போட்டேன்ல, அப்ப பூட்டியிருந்துச்சா?"

"இல்ல மேடம்."

"போன் பண்ணுனீங்களே, அம்புட்டு வரைக்கும் நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

நடந்ததை எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் என்னைக் கையெழுத்துப் போட விடவில்லை. அதன் பிறகு எல்லா வேலையையும் முடித்து, கையைத் துடைத்துக்கொண்டுதான் பேனாவைத் தொடுகிறேன்.

கையெழுத்துப் போடும் வேலைக்குத் திரும்பிய வாரமே அந்தக் கேப்டனின் விமானத்துக்கு எண்ணெய் ஊற்ற வேண்டி வந்தது. துடைத்தேன், பூட்டினேன், மேலே போய் எழுதினேன். அவர் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். பிறகு கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி, புத்தகத்தோடு எடுத்துக்கொண்டு, என்னோடு வெயிலில் இறங்கி வந்தார். ஏணியில் ஏறி, கதவைத் திறந்து, மூடியைத் தன் கையால் திருகிப் பார்த்தார். அதைக் கேப்டன் செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இறங்கி நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு, எப்போதும்போலச் சிரித்து, "வாரேண்ணே" என்றார்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் ஏறிப் பார்க்கிறார். நானும் இப்போதெல்லாம் அவர் கேட்பதற்கு முன்பே ஏணியைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன்.