ஆணி அடிக்காத வீடு

மர்ஜினாவுக்கு மண்ணின் மேல் நம்பிக்கை கிடையாது. அவளுடைய ஐம்பத்திரண்டு வயதுக்குள் பிரம்மபுத்திரா ஒன்பது மனைகளைத் தின்று தீர்த்திருந்தது. ஆற்றுத்திட்டில் பிறந்தவர்கள் வீட்டுச் சுவர்த் தகரத்தில் ஆணி அடிப்பதில்லை. மூங்கிலோடு சேர்த்துக் கயிற்றால்தான் கட்டுவார்கள். கரை இடியத் தொடங்கினால் முடிச்சை அவிழ்த்து, வீட்டையே படகில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஒன்பது தடவையும் அவள் ஒரு தகரத்தைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பத்தாவது மனை மேட்டு ஊரில் கிடைத்தது. ஆறு இரண்டு மைல் தள்ளி ஓடியது. அங்கேயும் கயிறுதான் கட்டினாள். எதிர்வீட்டு ரத்னேஸ்வருக்கு அது கண்ணை உறுத்தியது.

"ஓடப்போறவங்கதான் வீட்ட இப்படிக் கட்டுவாங்க. எங்கேருந்து வந்தாளோ, என்ன பண்ணிட்டு வந்தாளோ!" என்று பாக்குக் கடையில் பற்றவைத்தார்.

இவள் மட்டும் லேசுப்பட்டவளா? அவர் மனைவி சுரைக்காய் கொண்டுவந்தபோது, வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

அது கிடக்கட்டும். மனை கையில் நிலைக்க வேண்டுமென்றால், அவள் இந்த ஊரில் நிலையாகக் குடியிருக்கிறாள் என்று ஊர்த்தலைவர் தரணி போரா கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால், மனை கிடைக்கும்வரை இருந்ததுபோல மறுபடி ஆற்றின் அணைக்கரையில் பிளாஸ்டிக் கூரைதான்.

தலைவர் வந்து கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். "இது வீடா, மூட்டையா? நிலையா இருக்கேன்னு எத வெச்சும்மா எழுதுறது?"

"எங்க வழக்கம்ணே. ஆறு வந்தா..."

"இங்க எங்க ஆறு வருது?"

"ஒம்பது ஊர்லயும் இதத்தாண்ணே சொன்னாங்க."

"ஆணி அடிச்சு வை. வெள்ளிக்கிழமை பார்த்துட்டுப் போடுறேன்."

முதல் ஆணி தகரத்தில் இறங்கியபோது அவளுக்கு அழுகை முட்டியது. இனி ஆறு வந்தால் வீட்டை விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். இருந்தும் நூற்றுச் சொச்சம் ஆணிகளை அடித்து முடித்தாள். கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது.

வெள்ளிக்கிழமை தலைவர் வந்தார், பின்னாலேயே ரத்னேஸ்வரும். தலைவர் சுவரை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. பேனாவைத் திறந்தார்.

"அவசரப்படாதீங்க," என்றார் ரத்னேஸ்வர். "எத்தன ஆணின்னு பாத்தீங்களா? இவ இனிமே லேசுல கிளம்பமாட்டா. இன்னைக்கு இவ, நாளைக்கு இவ சாதிசனம் மொத்தமும் வந்து ஆணி அடிக்கும்."

தலைவர் ஆணி வரிசையின் மேல் விரலை ஓட்டினார். பிறகு பேனாவை மூடினார். "விசாரிச்சுட்டுச் சொல்றேம்மா."

மர்ஜினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுத்தியலை எடுத்துவந்து தலைவர் கையில் திணித்தாள்.

"கயிறு கட்டினா ஓடிருவேன்னு சொல்றீங்க. ஆணி அடிச்சா போகவே மாட்டேன்னு சொல்றீங்க. மூணாவதா ஒரு வழி இருந்தா நீங்களே அடிச்சுக் காட்டுங்கண்ணே."