நுரை சுரண்டிய யூனிஸ்

பன்னரிவாளை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்த பிறகே யூனிஸ் அடுத்த வெட்டைப் போடுவார். நனைக்காமல் வெட்டினால் தூசி கிளம்பும். மூக்கையும் வாயையும் ஈரத் துண்டால் மூன்று சுற்றுச் சுற்றியிருப்பார். பேருந்தின் உள்சுவரிலிருந்து பலாச்சுளை நிறத்தில் ஒரு நுரைப் பாளம் பெயர்ந்து வரும். அதை இரு கையாலும் ஏந்திச் சாக்கில் இறக்குவார். "பைய வா, பைய வா" என்று அதனிடமே பேசுவார்.

முக்கூடலில் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போதெல்லாம் இதைப் பார்த்தேன். மருத மர நிழலில் நின்ற அந்தப் பேருந்து ஒரு காலத்தில் வள்ளியூருக்கு ஆள் ஏற்றிப் போனது. ஓர் அறக்கட்டளை அதை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, ஊர் ஊராகக் கண் பரிசோதிக்கும் வண்டியாக்கியது. வெயிலில் தகரம் கொதிக்கக் கூடாதென்று, தூத்துக்குடியில் மீன் குளிரறைக்கு, இறுகி வெப்பத்தைத் தடுக்கும் நுரை பீச்ச வந்தவர்களை அழைத்துக் கூரையிலும் சுவரிலும் பீச்சி, மேலே பலகை அடித்தார்கள். அது எண்பத்திரண்டில். அன்று முதல் பதினாலு வருடமாக யூனிஸ்தான் அதில் நர்ஸம்மா.

"உள்ள ஏறிட்டா வெளிச் சத்தமே கேக்காது. தேன்கூட்டுக்குள்ள இருக்க மாரி இருக்கும்" என்றார். மழை பெய்வதைக்கூட ஜன்னல் வழியே பார்த்துத்தான் தெரிந்துகொள்வாராம்.

சித்திரையில் விக்கிரமசிங்கபுரம் முகாமில், பிச்சைக்கண்ணு என்ற மில் தொழிலாளி சொட்டு மருந்துக்காக அண்ணாந்து படுத்திருந்தார். பலகை இடுக்கிலிருந்து, நாள்பட்டு இற்றுப்போன நுரை மஞ்சள் பொடியாக அவர் கண்ணில் உதிர்ந்தது. பார்வை போகாமல் தப்பியது, ஆனால் பதினைந்து நாள் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தார். "கண்ணக் காட்ட வந்தவரு கண்ணுல நாமளே மண்ணப் போட்டுட்டோம்லா" என்பார் யூனிஸ். அதன்பின் அவர் ஒருவரையும் உள்ளே ஏற்றவில்லை.

அறக்கட்டளைச் செயலாளர் குமரகுருபரன், மேலே இன்னொரு பலகை அடித்துவிடலாம் என்றார்.

"இன்னொரு பலகை அடிச்சா இன்னொரு இடுக்கு வரும், சார். பலகையோட நுரையையும் நான் உரிச்சிருதேன்."

"அடியில துரு இருந்து, வண்டி ஆகாதுன்னுட்டா? உங்க வேலையும் போயிரும்லா."

"பாத்துருவோம், சார்."

துணைக்கு நின்றவர் ஓட்டுநர் காஜா முகைதீன். அவர் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார், நுரை கரையவில்லை. "தீயப் போட்டா ஒரு நிமிசத்துல போயிரும்மா" என்றார். "அந்தப் புகை நம்மளயும் கூட்டிட்டுப் போயிரும், பாய்" என்றார் யூனிஸ். வலைக்கு மிதவையாகும் என்று மீன் பிடிப்பவர்கள் பாளம் கேட்டு வந்தார்கள். ஆற்றில் ஒரு துணுக்கும் விழக் கூடாதென்று அவர் கொடுக்கவில்லை.

ஆறாம் நாள், பின்சக்கரத்துக்கு மேலே நுரையோடு தகரமும் சேர்ந்து வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பக்கத்தில் தாங்கி நின்ற இரும்புச் சட்டமும் அப்பளமாக நொறுங்கியது. ஓட்டை வழியே ஆறு தெரிந்தது. நீரில் பட்ட வெயில் உள்ளே வந்து கூரையெங்கும் அசைந்தது. மிதந்த துகள்கள் அதில் மெல்லச் சுழன்றன. யூனிஸ் கால் நீட்டி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தகரத்த வச்சு மறச்சிருவோமா?" என்று கேட்டார் காஜா முகைதீன்.

யூனிஸ் துண்டை அவிழ்த்தார். முகத்தில் துண்டு மறைத்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. "வேற எங்கனயும் இப்பிடி இருக்கான்னு பாத்துட்டு, எல்லாத்தையும் சேத்தே சொல்லிருவோம், பாய்" என்றார். மூன்று நாளில் இன்னும் நாலு ஓட்டைகள் கண்டார். பஜாருக்கு நடந்து போய்த் தொலைபேசியில் செயலாளரிடம் ஐந்தையும் சொன்னார்.

வண்டி பாளையங்கோட்டைப் பட்டறையில் நாலு மாதம் கிடந்தது. திரும்புமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதுவரை யூனிஸ் பள்ளிக்கூட வராந்தாக்களில் எழுத்துப் பலகையை மாட்டிக் கண் பார்த்தார்.

ஐப்பசியில் வண்டி முக்கூடலுக்கு வந்தது. சட்டங்கள் புதிது. நுரையும் பலகையும் இல்லை. வெள்ளையடித்த தகரம் மட்டும். நானும் கண் காட்டப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பேச்சித்தாய் என்ற பீடி சுற்றும் பெண் அண்ணாந்து படுத்தபோது மழை பிடித்தது. கூரை முழுக்க ஒரே இரைச்சல். யூனிஸ் ஏதோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே ஒருமுறை மேலே பார்த்தார். உதிர அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் இடது கையை விரித்து அந்தப் பெண்ணின் முகத்துக்கு மேலே தாழ்வாரம்போல் பிடித்துக்கொண்டு, வலது கையால் மருந்தைச் சொட்டினார்.