தனியாக வந்த மேல்வீட்டுக்காரர்

மேல்வீட்டு வெள்ளைக்காரர் என்றைக்காவது என்னைத் தண்ணீரில் முக்கி எடுத்து மார்மன் சபைக் கிறிஸ்தவனாக்கிவிடுவார் என்று உறுதியாக நம்பினேன். எங்கள் காளவாசல் குடியிருப்பில் குளிக்கவே தண்ணீர் ஒழுங்காக வராது என்பது அந்தப் பீதியில் எனக்கு உறைக்கவில்லை.

அவருக்கு எழுபது வயதிருக்கும். பால் வாங்கப் போனாலும் சட்டையில் சபைப் பெயர் போட்ட கறுப்புப் பேட்ஜ் இருக்கும். ஊழியத்துக்கு வந்த தம்பதி எங்கும் சேர்ந்தே போக வேண்டும் என்பது அவர்கள் சபை வழக்கமாம். மனைவி இல்லாமல் அவர் படியிறங்கிப் பார்த்ததில்லை. ஆட்டோக்காரர்களிடம் தமிழ் பழகியவர் என்பதால், என்னையும் "அண்ணே" என்பார்.

ஒரு மதியம் அழைப்பு மணி அடித்தது. கதவுத் துளை வழியே பார்த்தேன். அவர் மட்டும் நின்றார். ஆளைப் பிரித்து அனுப்பி என்னை அமுக்கப் பார்க்கிறார்கள் என்று பயந்துவிட்டேன்.

"சார் வீட்ல இல்ல!" என்று உள்ளிருந்து நானே கத்தினேன்.

"எப்ப வருவாரு அண்ணே?"

"சாயந்தரம்!"

"சரிங்க அண்ணே. நன்றி."

மாலையில் படிக்கட்டில் எதிரே வந்தார். "வந்துட்டீங்களா அண்ணே?" என்று சிரித்தார். கேலி செய்தாரா, நிஜமாகவே நம்பினாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வாட்ச்மேன்தான் பிறகு சொன்னார். அன்று மதியம் மேல்வீட்டுக்காரரின் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். தூக்கிவிட ஆள் தேடித்தான் என் கதவுக்கு வந்திருக்கிறார்.