பின்னால் மறைக்க வேண்டிய கை

என் வலது கை நடுவிரல் இன்றைக்கும் நேராக நிற்காது. நுனிக் கணுவில் லேசாக ஒரு பக்கம் சாயும். யாராவது கேட்டால், பேஸ்பால் ஆடி உடைந்தது என்பேன். ஊசி போடுகிற ஆளுக்கு பேஸ்பால் எதற்கு என்று சிரிப்பார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். மிச்சக் கதை என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருந்தேன். மூன்றாவது வருடம். அந்தக் காலத்தில் வருடா வருடம் ஆட்களைக் கழித்துவிடுவார்கள். ஏழு பேராக ஆரம்பித்து நான்கு பேராகியிருந்தோம், அடுத்த வருடம் இரண்டு பேருக்குத்தான் இடம். சென்னையிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். ஜுரம் வந்தாலும் லீவு கேட்க மாட்டேன்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அங்கிள் மருந்துத் தொழிற்சாலையில் இன்ஜினியர், திருச்சிக்காரர். முன்பின் தெரியாத எங்களை ஏர்போர்ட்டுக்கு வந்து அழைத்துப் போனவர். முதல் குளிருக்கு நாங்கள் போட்டுக்கொண்டது அவர் வீட்டுக் கோட்டுகளைத்தான். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு, பேஸ்பால். அதிலும் ஒரே ஒரு ஆள்.

அந்த ஆள் ஒரு கேட்சர். பந்து போடுகிறவனுக்கு எதிரே, மட்டைக்காரனுக்குப் பின்னால், முகமூடி மாட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பவர். அப்போதே அவருக்கு வயதாகியிருந்தது. அழகில்லை, ஓட்டத்தில் வேகமில்லை, பேட்டி எடுத்தால் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். ஆனால் எதிரணிக்காரன் ஓட்டம் எடுக்க எருமை மாதிரி பாய்ந்து வரும்போது வழியை விடாமல் உட்கார்ந்திருப்பார். மோதி விழுவார், எழுவார், பந்து கையிலேயே இருக்கும். ஒருமுறை விரல் பிசகியபோது தானே இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்டத்தை முடித்தாராம். அங்கிள் அந்தக் கதையைச் சொல்லாத சனிக்கிழமை கிடையாது.

சனிக்கிழமைகளில் நாலைந்து குடும்பங்கள் அங்கிள் வீட்டில் கூடுவோம். பெண்கள் மாடியில் சமையலறையில், ஆண்கள் கீழே பேஸ்மென்ட்டில் டிவி முன்னால், மடியில் தயிர்சாதத் தட்டு. ஆபீசில் மானேஜர் ஒருமுறை குரலை உயர்த்தினால் இரண்டு நாள் தூங்காத ஆசாமிகள், அந்த கேட்சர் ஒருவனை மண்ணில் உருட்டிவிட்டால் தட்டோடு எழுந்து நின்று கத்துவார்கள். நானும்தான். இப்போது யோசித்தால் காரணம் தெரிகிறது. நாங்கள் எல்லோருமே அடியை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் வேலை பார்த்தவர்கள். எங்களிடம் அதற்குப் பெயர் பயம். அவரிடம் அதுவே வீரமாகத் தெரிந்தது. அது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்த வருடக் கோடையில் அங்கிளுக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. எங்கள் மருத்துவமனையிலேயே, எங்கள் பெரிய டாக்டரிடமே ஆபரேஷன் என்று முடிவாயிற்று. வியாழக்கிழமை தேதி. அங்கிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தாளு பெரிய சர்ஜனா இருக்கலாம்ப்பா. ஆனா நம்ம பையன் ஒருத்தன் உள்ள இருந்தாத்தான் எனக்குத் தைரியம். நீ நிப்பேன்னு சொல்லு, அது போதும்."

நிற்பேன் என்றேன். பெரிய டாக்டரிடம் நானே கேட்டு அனுமதியும் வாங்கினேன். இன்றைக்கு ஒரு இளம் டாக்டர் என்னிடம் வந்து, எனக்கு அப்பா மாதிரி இருக்கிறவர், அவர் வயிற்றைத் திறக்க நானும் வருகிறேன் என்று கேட்டால், போய் வெளியே உட்கார் என்பேன். அப்போது எங்கள் யாருக்கும் அதில் தப்பு இருப்பதாகவே தோன்றவில்லை. ஆன்ட்டி அன்றைக்கே பிள்ளையாருக்கு விளக்கேற்றினாள்.

ஆபரேஷனுக்கு முந்தைய ஞாயிறு, பள்ளிக்கூட மைதானத்தில் பேஸ்மென்ட் கோஷ்டியெல்லாம் சேர்ந்து நிஜமாகவே பேஸ்பால் ஆடினோம். என்னை கேட்சராக உட்கார வைத்தார்கள். மெட்ராஸில் மெடிக்கல் காலேஜ் டீமுக்கு நான்தான் விக்கெட் கீப்பர், அந்தத் தகுதி போதும் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விக்கெட் கீப்பருக்கு இரண்டு கையிலும் கிளவுஸ் உண்டு. பந்து வந்தால் இரண்டு கையையும் சேர்த்து வாங்க வேண்டும், எட்டு வருடம் அப்படித்தான் வாங்கினேன். கேட்சருக்கோ இடது கையில் மட்டும்தான் கிளவுஸ். வெறும் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். இத்தனை சனிக்கிழமை அந்த மனிதரை வாயைப் பிளந்து பார்த்தோமே, அவர் அந்தக் கையை எங்கே வைத்திருந்தார் என்று எங்களில் ஒருவனும் பார்க்கவில்லை.

மட்டையின் விளிம்பில் உரசி வந்த பந்து. என் இரண்டு கைகளும் பழக்கத்தில் சேர்ந்தே போயின. விரலில் சத்தம் கேட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு எழப் போனேன். அப்போது மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அங்கிள் எழுந்து நின்று கை தட்டினார்.

"அப்படித்தாண்டா! எழுந்திரிக்காத! அவரா இருந்தா எழுந்திருப்பாரா?"

நான் மறுபடி உட்கார்ந்தேன். கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி விரலைப் பார்த்தாள். கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு லீவு சொல்லச் சொன்னாள். எடுத்தால் ஆறு வாரம் ஆபரேஷன் பக்கமே விட மாட்டார்கள், அடுத்த வருட இடம் போய்விடும், வியாழக்கிழமை அங்கிளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அடுக்கினேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் முழு உண்மை அது இல்லை. அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது. வலித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு கர்வம் வந்திருந்தது. பக்கத்து விரலோடு சேர்த்து பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போனேன். யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை கை கழுவும்போது பிளாஸ்டரைப் பிய்த்துப் போட்டேன். வலி மருந்து போட்டிருந்ததால் விரல் மரத்த மாதிரி இருந்தது. ஆபரேஷன் ஒழுங்காகவே நடந்தது. பித்தப்பைக்குப் போகும் ரத்தக்குழாயைக் கட்டும் கட்டம் வந்தபோது பெரிய டாக்டர் நூலை என்னிடம் கொடுத்தார். அது எனக்கு அவர் செய்த மரியாதை. முடிச்சை இறுக்கும்போது வழக்கமாக விரல் நுனியில் ஒரு பிடிப்பு தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. சரியா என்று அவர் கேட்டார். சரி என்றேன்.

மறுநாள் மத்தியானம் அங்கிளைப் பார்க்கப் போனேன். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, நெற்றி முழுக்க வேர்வை. வலிக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நர்ஸும் கேட்டா. இதெல்லாம் தாங்கலேன்னா நான் அந்த கேட்சருக்கு என்ன ஃபேன்?"

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி படுவேகமாக ஓடிக்கொண்டிருந்தது. போர்வையை விலக்கி வயிற்றைத் தொட்டேன், பலகை மாதிரி இருந்தது. காலையிலிருந்தே வலித்திருக்கிறது. சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அரை மணிக்குள் மறுபடி திறந்தார்கள். நான் கை கழுவப் போகவில்லை, சுவரோரம் நின்றேன். பெரிய டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, நூல் நழுவியிருக்கிறது என்றார். வேறு நூலால் அவரே கட்டினார். அங்கிள் பிழைத்தார். வராந்தாவில் என்னைக் கடந்து போகும்போது பெரிய டாக்டர், பட்டு நூல் சில சமயம் இப்படித்தான், எல்லோருக்கும் நடந்திருக்கிறது என்று தோளில் தட்டினார். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அவர் கண்ணு முழிச்சதும் மொதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் பெரிய டாக்டர்கிட்ட. இடம் போனா போகட்டும், ஊருக்குப் போயிடலாம். இத வயித்துல வெச்சுக்கிட்டு உங்களால இருக்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை அதற்காகத்தான் போனேன். சனிக்கிழமை எக்ஸ்ரே எடுத்திருந்தேன், விரலில் தகடு வைத்துக் கட்டியிருந்தது. வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டே போனேன். விரல் உடைந்தது தெரியும், தெரிந்தே நின்றேன், நழுவியது நான் போட்ட முடிச்சு. இந்த மூன்றைத்தான் சொல்ல வேண்டும்.

அங்கிள் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆன்ட்டி. என் கையைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது அந்த சண்டே அடியா?"

"ஆமா அங்கிள். உடைஞ்சிருக்கு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"இதோடயா என் ஆபரேஷன்ல வந்து நின்ன?"

ஆமாம் என்றேன். மூன்றில் இரண்டைச் சொல்லியாயிற்று. மூன்றாவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது. ஆன்ட்டி பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? விரல் உடைஞ்சு போச்சு, ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. எனக்காக வந்து நின்னிருக்கான். அந்த கேட்சர் மாதிரியேதான். நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்ல?"

இப்போது சொன்னால் அவர் உடம்பு தாங்குமா, ஆறட்டும், வீட்டுக்குப் போனதும் சொல்லலாம் என்று எனக்கு நானே காரணம் தேடிக்கொண்டேன். அதன் பிறகு அவர் பல வருடம் நன்றாக இருந்தார். என் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் வந்தார். வந்த இடத்திலெல்லாம் என் விரலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி இந்தக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பயிற்சியில் அந்த இரண்டு இடத்தில் ஒன்று எனக்குக் கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி எழுந்து வந்து, கட்டுப் போட்ட என் வலது கையை மெதுவாக எடுத்து, தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அவள் கண்ணீர் கட்டுத்துணியில் பட்டு ஈரமாயிற்று. நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தேன்.