சண்முகசுந்தரியின் உப்புத் தொட்டி

பால்காரி மாடத்திக்குச் சண்முகசுந்தரி என்றால் கொஞ்சம் பயம். பால் செம்பை இறக்கி வைக்கும் முன்பே, "ஏட்டி, ராத்திரி மாட்டுக்குப் புளிச்ச காடியா வச்ச?" என்று உள்ளேயிருந்து குரல் வந்துவிடும். அப்படியொரு மூக்கு. அடுத்த தெருவில் எண்ணெய் காய்ந்தால் அது எந்தச் செக்கில் ஆட்டியது என்று சொல்லிவிடுவாள் என்று மாடத்தி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த மூக்கோடு அவள் தென்காசியில் தனியாகத்தான் குடித்தனம் நடத்திவந்தாள். கணவர் ஆவுடைநாயகத்துக்குக் கொழும்பில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. வருஷத்தில் ஒரு மாதம், குற்றாலத்தில் சாரல் விழுகிற சமயமாகப் பார்த்து லீவில் வருவார். அருவிக் குளியல், இலத்தூரில் அவர் அக்கா வீடு, வடை பாயசம் என்று மாதம் ஓடிவிடும். அவர் புறப்பட்டதும் வீடு மறுபடி அவளுடையதாகும். பிள்ளைகள் இல்லை. இது நல்ல வாழ்க்கையா கெட்ட வாழ்க்கையா என்று அவள் யோசித்ததில்லை.

ஐம்பத்தெட்டில் கொழும்பில் கலவரம் மூண்டது. ஆவுடைநாயகம் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார், திரும்பிப் போகவில்லை. லீவில் வருகிறவருக்கு என்ன சமைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வந்து தங்கிவிட்டவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரும் தன் வீட்டிலேயே விருந்தாளியாக, தண்ணீர் மோந்து குடிப்பதற்குக்கூடக் கேட்டுக்கொண்டு, தபால்காரனின் மணிச் சத்தத்துக்குத் திடுக்கிட்டுக்கொண்டு நடமாடினார். திரும்பப் போய்விடுவாரோ என்று அவளுக்கும், போகச் சொல்லிவிடுவாளோ என்று அவருக்கும் பயம்.

மறு வருஷம் தை மாதத்தில் ஒருநாள், மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "சுந்தரி, வீட்ல கடல் மீன் வளக்கலாம்னு இருக்கேன்."

"வளத்து?"

"வளத்துப் பாத்துக்கிட்டு இருக்கதுதான்."

"திங்கதுக்கு இல்லையே?"

"சீச்சீ. என்ன பேச்சு இது."

முட்டைகூட வாசல்படி தாண்டாத சைவ வீடு. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் ஊருக்கு வந்த பிறகு அவர் வாய்விட்டு ஆசைப்பட்ட முதல் காரியம் அது. தலையை ஆட்டிவைத்தாள்.

கொழும்பில் அவர் குடியிருந்த வீட்டுக்காரர் ஒரு பறங்கிக் கிழவர். அவர் தொட்டியில் கடல் மீன் வைத்திருந்ததை ஆவுடைநாயகம் பல வருஷம் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு சரி. இரும்புச் சட்டம் உப்பில் துருப்பிடித்துவிடும் என்று, பின்கட்டு அறையில் சிமெண்டாலேயே தொட்டி கட்டி, முன்பக்கம் மட்டும் கண்ணாடி பதிக்கச் சொன்னார். சுண்ணாம்புக் காரம் போகிறமட்டும் நல்ல தண்ணீரை நிரப்புவதும் திறந்துவிடுவதுமாகவே மாசி கழிந்தது.

கடலுக்கு ஒரு வழி கிடைத்தது. தூத்துக்குடியிலிருந்து மலையாளத்துக்கு உப்பு ஏற்றிப்போகும் லாரி தென்காசி வழியாகத்தான் போகும். டிரைவர் சங்கரபாண்டி இரண்டு மரப் பீப்பாய்களில் கடல் தண்ணீரும், சாக்கில் மணலும் கல்லும், ஒரு மண்பானையில் கோடு போட்ட குட்டி மீன்களும் கொண்டுவந்து இறக்கினான்.

"அண்ணாச்சி, உப்பு மூட்டை ஒண்ணு கேட்டிருந்தா நானே கலக்கிக் குடுத்திருப்பேன். இம்புட்டுத் தண்ணிய சுமக்க வச்சிட்டியளே!"

"கடல்ல உப்பு மட்டுமா இருக்கு?"

"மீன் இருக்கு. அது வேற உங்க வீட்டுக்கு ஆவாது" என்று சிரித்துக்கொண்டே, காற்று நிரப்ப ஒரு பழைய லாரி டியூபையும் போட்டுவிட்டுப் போனான். சைக்கிள் பம்பால் டியூபை ஊதி, ரப்பர்க் குழாய் வழியாகக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் தொட்டிக்குள் குமிழ் வரும். தண்ணீரின் உப்பைப் பார்க்கப் பால் சொசைட்டியிலிருந்து பால்மானியை இரவல் வாங்கி வந்தார். அதை அவர் கையில் கண்ட மாடத்தி, தன் பாலைத்தான் சோதிக்கப்போகிறார் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தண்ணீர் விட்ட அன்றைக்கே ஆசையில் மீனையும் விட்டுவிட்டார்.

சண்முகசுந்தரிக்கு மீன் என்றால் அதுவரை ஒரு நாற்றம். சந்தைப் பக்கம் போனால் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோக வைக்கும் ஒன்று. அதற்கு ஒரு முகம் உண்டு என்பது தெரியாது. மஞ்சள் முதுகும் கறுப்புக் கோடுமாக ஒன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்தது. மறுநாள் அதுதான் முதலில் அடியில் போய்ச் சாய்ந்தது. செவுள் அடித்துக்கொள்வதை அவள் நின்று பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் போயிற்று. ஒவ்வொரு தரமும் அவள் தலை முழுகினாள்.

கடைசி மீனைத் தென்னை மூட்டில் புதைத்துவிட்டு வந்தவரிடம் சொன்னாள்: "இனி ஒரு உசுரு இந்த வீட்டுக்குள்ள சாவக்கூடாது. செத்தா நான் ஆய்க்குடிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

"அவசரப்பட்டுட்டேன் சுந்தரி. தண்ணி மொதல்ல பழகணும்னு அந்தக் கிழவர் சொன்னார். எதோட பழகணும்னு நான் கேட்டுக்கிடல."

"அந்தத் தண்ணியக் கொட்டிருங்க."

அதை மட்டும் அவர் செய்யவில்லை. மீன் இல்லாத தொட்டிக்குத் தினமும் பம்பு அடித்தார். வற்றுகிற அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டார். மற்ற நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவு விழுந்த தண்ணீர் வீட்டுக்குள், அதுவும் அடுப்படிக்குப் பக்கத்தில். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. அவர் கடைத்தெருவுக்குப் போகும் நேரம் பார்த்து, மாடத்தியிடம் வாங்கிய கோமியத்தை மாவிலையால் வீடெங்கும் தெளித்து, மிச்சத்தில் ஒரு சங்களவு தொட்டிக்குள்ளும் விட்டாள். ஒருநாள் விட்டால் போகிற தீட்டா அது? தினமும் விட்டாள்.

"ஆச்சி, தெனமும் கோமியம் கேக்குதியளே, அண்ணாச்சி கொழும்புலருந்து கொண்டாந்த தீட்டு இன்னுமா போகல?"

"வாய மூடிக்கிட்டு ஊத்துட்டி."

முதலில் பின்கட்டு முழுக்கத் தொழுவத்து வாடை. தண்ணீர் கழுநீர்போலக் கலங்கியது. அழுகுகிறதென்று ஆவுடைநாயகம் முகம் வாடித் திரிந்தார். அவளுக்கும் உள்ளூர உறுத்தல்தான்; ஆனாலும் விடவில்லை. பிறகு கலங்கல் தெளிந்தது. மணலில் பழுப்பாக ஒரு படலம், கண்ணாடியில் பச்சைப் பாசி. அவள் மூக்கு இன்னொன்றையும் பிடித்துவைத்தது. முன்பெல்லாம் காலையில் விட்ட கோமியத்தின் நெடி மறுநாளும் போகாது. இப்போது பொழுது சாய்வதற்குள் போய்விடுகிறது. வைகாசி கடைசியில் மத்தியானச் சமையல் முடிவதற்குள்ளேயே ஒன்றும் இல்லை. ஈர மண் வாசம் மட்டும். யாரோ உள்ளே உட்கார்ந்து குடித்துத் தீர்ப்பதுபோல.

ஆனி பிறந்து சாரல் இறங்கியது. தண்ணீர் பழகிவிட்டதா என யாரிடமோ கேட்டுவரப்போவதாகச் சொல்லி ஆவுடைநாயகம் தூத்துக்குடி போனார். மறுநாள் மத்தியானம் லாரியிலிருந்து இறங்கியவர் கையில் ஈரத்துணி சுற்றிய மண்பானை.

அவளுக்கு விளங்கிவிட்டது. பின்கட்டு நிலைப்படியில் போய் நின்றுகொண்டாள்.

"வழிய விடு சுந்தரி. ராத்திரியிலருந்து பானைக்குள்ள கெடக்கு. மூச்சு முட்டுது அதுகளுக்கு."

"போடாதிய."

"நீ ஆய்க்குடிக்குப் போறதப் பத்திப் பொறவு பேசலாம்."

"அதில்ல." நிலைப்படியை விட்டு அவள் நகரவில்லை. "அந்தத் தண்ணியில தெனமும் கோமியம் விட்டிருக்கேன்."

ஆவுடைநாயகம் பானையைக் கீழே வைத்தார். "எம்புட்டு?"

"சங்களவு. தீட்டுப் போகட்டும்னு."

"எத்தன நாளா?"

"நீங்க அதக் கொட்டாம விட்ட நாளுலருந்து."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பானைக்குள் ஒரு மீன் மேலே வந்து காற்றை வாயால் கவ்வியது. வீட்டில் வேறு கடல் தண்ணீர் இல்லை. லாரி ஆரியங்காவுப் பக்கம் போயாகிவிட்டது.

"பானையில விட்டாலும் சாவும்; தொட்டியில விட்டாலும் சாவுமோ என்னவோ" என்றார். "எனக்கு ஒண்ணும் ஓடல. நீயே சொல்லு."

இவ்வளவு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட கேள்விகளில் இதுபோல் ஒன்று இல்லை. போடச் சொல்லி, அதுகள் செத்தால் கொன்றது அவள். போடாமல் விட்டாலும் அவள்தான். போன தடவை கோபித்துக்கொண்டு போகிறேன் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

தொட்டிப் பக்கம் போய்க் குனிந்தாள். காலையில் விட்டது. அதன் சுவடே இல்லை. மழையில் நனைந்த மணல் வாசம்தான். விட்டது எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாது; போகிறது என்பது மட்டும் தெரியும். கொட்டுவதையெல்லாம் தின்று தீர்க்கிற தண்ணீர், மீனையா தின்னும்?

"போடுங்க" என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. அவளே பானையைத் தூக்கினாள். தொட்டித் தண்ணீரைப் பானைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளச் சொல்லி அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். பிறகு சாய்த்தாள்.

மீன்கள் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்தன. அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் எல்லாம் கண்ணாடிப் பக்கம் வந்து பச்சையைக் கொத்திக்கொண்டிருந்தன. அதற்கு மறுநாளும். முன்பு மீன் செத்த கெடு தாண்டியது, ஆனி தாண்டியது.

மீன் கழிவின் நஞ்சைத் தின்று தீர்க்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தொட்டியில் பெருக வேண்டும், பெருகுவதற்கு அவற்றுக்கும் இரை வேண்டும், கோமியம்தான் அந்த இரையாக இருந்திருக்கிறது என்று பின்னால் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து ஆவுடைநாயகம் விளக்கினார்.

"கோமியத்துல கிருமியா? நல்லா இருக்கே கதை! தீட்டு போச்சு, மீன் இருக்கு. அவ்வளவுதான்" என்றாள் சண்முகசுந்தரி. அவரும் வற்புறுத்தவில்லை. மீன் இருக்கும்போது கோமியம் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அதற்குச் சம்மதித்தாள்.

ஆனால் அதுகள் பச்சையை மட்டும் தின்று பிழைக்கவில்லை. காய்ந்த கூனி இறாலைப் பொடித்துப் போட வேண்டியிருந்தது. மாடத்தி வீட்டு அம்மியில் பொடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, வெளிச் சுவர் மாடத்தில் வைத்துக்கொள்வது. அவர்தான் எடுப்பது, அவர்தான் போடுவது, கை கழுவாமல் வீட்டுக்குள் எதையும் தொடக்கூடாது. இது ஒப்பந்தம்.

அறுபதாம் வருஷம் ஐப்பசியில் அவர் பழைய சம்பளப் பாக்கி விஷயமாகத் திருநெல்வேலி போனார். அடைமழை. ஆலங்குளத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டில் வெள்ளம், பஸ் வராது என்று சாயங்காலம் செய்தி வந்தது. மறுநாளும் வரவில்லை. அவள் பம்பு அடித்தாள். மீன்கள் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒருமுறை விலகிப் போனாள். அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள். மாடத்தியைக் கூப்பிடலாம், தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்.

வெளிச் சுவர் மாடத்தில் கையை விட்டுப் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து, இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டிக்குள் போட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது ஒன்றுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அது ஓரமாக நின்றது. "சனியனே, முந்திக்கிட்டு வரத் தெரியாதா?" என்று அதட்டிவிட்டு, இன்னொரு சிட்டிகை எடுத்து, அதற்கு நேராகப் போட்டாள்.