நாக்கில் வைத்த கல்

நான் வேன் ஓட்டுகிறவன். வாரநாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவேன். வருடத்தில் நாலைந்து முறை, நிலவியல் படிக்கிற கல்லூரி மாணவர்களைப் பாறை காட்ட அழைத்துப்போக என் வண்டியைப் பிடிப்பார்கள். பேராசிரியர் முன் சீட்டில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பாடம் நடத்துவார். பின்னால் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நான் தூங்க முடியாதே, கேட்டுக்கொண்டு வருவேன். அப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடம். கல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டதுதான். "அண்ணே, பரீட்சையையும் நீங்களே எழுதிடுங்க" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டல் எனக்கு இனிக்கும். இனித்தது என்பதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கிளம்ப ஆரம்பித்தேன். ஸ்கூட்டரில் பின்னால் என் மனைவி, டிக்கியில் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பூதக்கண்ணாடி, கட்டுச்சோறு. புதுச்சேரியில் பிள்ளைச்சாவடி தாண்டி வடக்கே செம்மண் மேட்டில் மழை அறுத்த பள்ளங்களுக்குள் இறங்கி நடப்போம். "ஊர்ல இருக்கறவன்லாம் பொண்டாட்டிய பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறான். என்னைப் பள்ளத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்காரு" என்று அவள் மண் சுவரைப் பார்த்துச் சொல்வாள். ஆனால் எனக்கு முன்னால் இறங்கிவிடுவாள்.

எனக்குக் கல்லைவிட, கல்லைப் பார்த்து ஜனங்கள் சொல்வதில் ஆசை. வேனில் அதற்கென்றே ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். அந்தப் பள்ளங்களுக்குப் பக்கத்தில் ஆடு மேய்த்த அம்மா, "வானம் நகம் வெட்டாம வந்து பறாண்டிட்டுப் போயிருக்குய்யா" என்றார். கோரிமேட்டில் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர், டீ குடித்துக்கொண்டே ஓட்டை ஓட்டையான செம்பாறைக் கல்லைக் காட்டி, "இது இன்னா, பூமிக்கு சொத்தைப் பல்லா?" என்று கேட்டார். எந்தப் பேராசிரியர் இப்படிச் சொல்வார்? இரண்டையும் எழுதி வைத்தேன்.

அன்று மாசி மாதத்து ஞாயிறு. மேற்கே போயிருந்தோம். அந்தப் பக்கம் ஒரு வயல் புதுச்சேரியில் இருக்கும், வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு, அடுத்த வரப்பில் மறுபடி புதுச்சேரி. ஏர் ஓட்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல் கிளம்பும், உடைத்தால் உள்ளே சிப்பி. கடல் ஒரு காலத்தில் அங்கே வரைக்கும் இருந்தது என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். வரப்போரம் கிடந்த ஒரு துண்டை எடுத்தேன். தூசியில் கோடு தெரியவில்லை. கல்லை நனைத்தால் சிப்பியின் வரி பளிச்சென்று தெரியும். தண்ணீர் பாட்டிலை ஸ்கூட்டரிலேயே விட்டிருந்தேன். நாக்கால் நக்கிப் பார்த்தேன். கல் படிக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

நிமிர்ந்தால் எதிரே ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அந்த நிலத்துக்காரர்.

"நீரோட்டம் பாக்கறவருங்களா ஐயா?" என்றார்.

அந்தப் பக்கத்து ஊர்களில் ஆழ்துளைப் போர் போடுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்து இடம் குறிக்கச் சொல்வார்கள். ஒருவர் வேப்பங்குச்சியோடு நடப்பார், ஒருவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடப்பார். மண்ணை வாயில் போட்டு ருசி பார்த்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் நாக்கில் கல்லை வைத்ததை அவர் பார்த்துவிட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம். அவர் துண்டை அவிழ்த்த விதம் இருக்கிறதே, என் வாழ்நாளில் யாரும் எனக்காகத் தலைத்துண்டை அவிழ்த்ததில்லை. "ஏதோ, கொஞ்சம் தெரியும்" என்றேன். என் மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் திரும்பவில்லை.

வீடு வயலை ஒட்டியே இருந்தது. அழைத்துப் போனார். அவருடைய மனைவி நாற்காலி போட்டு முந்தானையால் துடைத்தார். மருமகள் ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கி வந்து என் காலில் தண்ணீர் ஊற்றினாள். எதிர்த்த தெருக்கோடிக் குழாயிலிருந்து சுமந்து வந்த தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. அதை மாமியார் எங்களுக்குக் காபி கொடுத்த மூச்சிலேயே சொல்லிவிட்டார். மகன் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலைக்குப் போயிருந்தான்.

வானத்தை நம்பி மல்லாட்டை போடுகிற குடும்பம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். "ஒரு போர் மட்டும் எடுத்துட்டா ரெண்டாம் போகம் போட்டுடலாம்யா. இதுக கொடம் தூக்கற வேலையும் தீரும்" என்றார் நிலத்துக்காரர். "ஒரு எடம் காட்டுங்க."

நான் எழுந்து நடந்தேன். முழுப் பொய்யாக நடிக்கவும் இல்லை, அதுதான் இன்னும் மோசம். இந்தப் பக்கத்துப் பாறை அடுக்குகள் கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும், மணற்பாறை அடுக்கில் தண்ணீர் தங்கும் என்று கேட்டிருக்கிறேன். அப்படியானால் கிழக்கு மூலையில் கிடைக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அந்த மணற்பாறை அங்கே இருக்கிறதா, எவ்வளவு ஆழத்தில், இதெல்லாம் தெரியாது. கிழக்கு மூலையில் நின்று காலால் ஒரு வட்டம் போட்டேன்.

எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வந்தன. குறித்த இடத்தில் வீட்டு ஆள் ஒருவர் கையால் முளைக்குச்சி அடிப்பது வழக்கம். யார் அடிப்பது என்று என்னையே கேட்டார்கள். எனக்குப் பெரிய மனுஷத்தனம் தலைக்கேறியிருந்தது. காலுக்குத் தண்ணீர் ஊற்றியவளைக் காட்டி, "இந்தப் பொண்ணு கையால அடிங்க, ஊத்து பொங்கும்" என்றேன்.

மாமியார் தயங்கினார். "அவ வேணாங்கய்யா. என் பொண்ணு வரட்டும், ரெண்டு புள்ள பெத்தவ."

"நான் சொல்றேன் இல்ல," என்றேன்.

அவள் உட்கார்ந்து குச்சியை அடித்தாள். அடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வரும் வழியில் கோரிமேடு சிக்னலில் நின்றபோது, என் மனைவி "தண்ணி வரலன்னா?" என்று மட்டும் கேட்டாள். வரும் என்றேன்.

ஆடி மாதம் ஒரு மழை பெய்த பிறகு தனியாகப் போனேன். உண்மையைச் சொன்னால், மோட்டார் ஓடுகிறதைப் பார்த்து இரண்டு பாராட்டு வாங்கிக்கொண்டு வரத்தான் போனேன். கிழக்கு மூலையில் ஒரு குழாய் தரைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. வாயில் சாக்கைத் திணித்து மேலே கல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் கறுப்புக் களிமண் குவியலாகக் காய்ந்து வெடித்திருந்தது, நடுநடுவே உடைந்த சிப்பி. மாட்டுக் கொட்டகையில் முன்பு நின்ற கறவை மாடு இல்லை, போர்ச் செலவுக்குப் போயிருக்க வேண்டும்.

நிலத்துக்காரர் ஏரை நிறுத்திவிட்டு வந்தார். அப்போதும் துண்டை அவிழ்த்தார்.

"அடி வரைக்கும் களிதான்யா. அல்வா மாதிரி வந்துகிட்டே இருந்தது. போர் வண்டிக்காரனே போதும்னு ராடை உருவிட்டான்."

நான் குனிந்து குவியலிலிருந்து ஒரு சிப்பித் துண்டை எடுத்தேன்.

"உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. நீங்க சரியாத்தான் காட்டினீங்க. கை சரியில்ல." வீட்டுப் பக்கம் தலையை ஆட்டினார். "வீட்டுல அன்னிக்கே வேணாம்னு சொன்னா. நீங்க பெரிய மனசு பண்ணி அந்தப் பொண்ணுக்கு ஒரு வாய்ப்பு குடுத்தீங்க. அது ராசி அப்படி."

மேல்கொல்லையில் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. ஏருக்குப் பின்னால் பெண்கள் நடந்து உழவுச் சாலில் மல்லாட்டைப் பருப்பை விட்டுக்கொண்டு போனார்கள். மருமகள் அவர்களில் இல்லை. "விதை தொட வேணாம்னுட்டோம்," என்றார் அவர், மழையைப் பற்றிச் சொல்வதுபோல. "பையன் மொகம் குடுத்துப் பேசறதில்ல. அறுப்பு முடிஞ்சதும் அவங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடலாம்னு வீட்டுல சொல்லிகிட்டு இருக்கா."

அவள் வீட்டு வாசலுக்கு வந்து, எனக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. நான் குடித்தேன். குடித்துவிட்டு, "வரேம்மா" என்று சொல்லி வந்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. வாக்கியங்களை நோட்டுப் போட்டுச் சேர்க்கிறவனுக்கு அது வரவில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் முடிக்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.

"தண்ணி குடிச்சிட்டு வந்தீங்களா?"

"ஆமா."

"அவ குடுத்ததையா?"

திரும்பப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு வேனுக்குச் சர்வீஸ் என்றேன். அதற்கடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். மூன்றாவது ஞாயிறு அவளே புடவையை மாற்றிக்கொண்டு வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாள். "சுத்தியலை எடுத்து வச்சிட்டு வாங்க," என்றாள்.

போனபோது வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். மழை விழுந்திருந்ததால் மறுநாள் கீழ்க்கொல்லை விதைப்பு, அதற்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மருமகள் தள்ளி உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நாற்காலி வந்தது. நான் உட்காரவில்லை.

"ஐயா, எனக்கு நீரோட்டம் பாக்கத் தெரியாது. நான் வேன் டிரைவர். கல்லு பாக்கற ஆசையில சுத்தறவன். அன்னிக்கு நீங்க கேட்டதும் ஆமான்னு சொல்லிட்டேன். எடம் தப்பு. அந்தப் பொண்ணு கையில ஒண்ணும் இல்ல."

நிலத்துக்காரர் என் முகத்தையே பார்த்தார்.

"அப்போ நாக்குல வச்சிப் பாத்தீங்களே, அது எதுக்கு?"

"கல்லுல தூசி இருந்தது. சிப்பி தெரியறதுக்கு."

"சிப்பி தெரியறதுக்கு," என்று அவர் திருப்பிச் சொன்னார். அதை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

அவருடைய மனைவி ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தார். "நீங்க தெரியாதவராவே இருங்க. குச்சி அடிச்சது யாரு கை? மத்தவ அடிச்சிருந்தா தப்பான எடத்துலகூட வந்திருக்கும்." அவள் அடிக்கட்டும் என்று சொன்னவனே நான்தானே.

என் மனைவிதான் பேசினாள். "அவ வேணாம்னுதான் நீங்க சொன்னீங்கக்கா. பிடிவாதமா அடிக்க வச்சது இவரு. கோவப்படறதுன்னா இவர் மேல கோவப்படுங்க."

மருமகள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. "அவரு ரெண்டு மணிக்கு ஷிப்டு முடிஞ்சி வருவாரு. அவர் எதிர்ல ஒரு தடவ சொல்லுங்க."

மணி அப்போது பதினொன்று. இருந்தோம். யாரும் காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. நானும் என் மனைவியும் வாசலில் வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றும் உட்கார்ந்தும் பொழுதைக் கழித்தோம்.

மகன் சைக்கிளை நிறுத்தியதும் சொன்னேன். முதல் தடவையைவிட இது கஷ்டமாக இருந்தது, என் மகன் வயது அவனுக்கு. அவன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே கேட்டான். என்னைப் பார்க்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, கதவோரம் நின்றிருந்த அவளைப் பார்த்து, "நாளைக்குக் கீழ்க்கொல்லைக்கு நீயும் வா," என்றான். உள்ளேயிருந்து அவன் அம்மா ஏதோ சொன்னார். "அவளும் வருவாம்மா," என்று குரலை உயர்த்தாமல் திரும்பவும் சொன்னான். பிறகு என்னிடம், "கெளம்புங்க" என்றான்.

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தோம். மருமகள் பின்னாலேயே வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று ஒரு நொடி நினைத்தேன். அவ்வளவுக்கு அப்புறமும் என் புத்தி அங்கேதான் போனது.

"அண்ணே, இங்க நின்னு ஒரு தடவ சொல்லுங்க," என்றாள்.

"எங்கம்மா?"

"இங்க. தெருவுல. நாளைக்கு எங்கூட விதை விட வர்றவங்கல்லாம் இந்தத் தெருதான். எங்க அத்தை சொன்னதை எல்லாரும் கேட்டாங்க. நீங்க சொல்றதையும் கேக்கட்டும்."

எதிர் வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டார்கள். அடுத்த வீட்டில் ஒருவர் ரேடியோவைக் குறைத்தார். என் மனைவி ஸ்கூட்டரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"எனக்கு நீரோட்டம் பாக்கத் தெரியாது," என்று ஆரம்பித்தேன்.

"கேக்கல," என்றாள் அவள். "சத்தமா."

சத்தமாகச் சொன்னேன்.