மூன்றாவது போர்ட்டிலிருந்து எல்லாம் போச்சு

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்தக் கேபிள் நல்லது, எந்த ரவுட்டர் மலிவு என்றுதான். வாயை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பிரிக்பீல்ட்ஸில் கடை போட்டு, சின்னச் சின்ன அலுவலகங்களுக்கு லைன் இழுத்துக் கொடுப்பது என் தொழில். கேபிளில் நான் சொதப்பியது குறைவு. வாயால் ஒரு தடவை கிள்ளானில் பாதி லோரிகளை நிறுத்தியிருக்கிறேன். தப்பு என் மேல் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். நீங்களே கேளுங்கள்.

கிள்ளானில் மணியம் அண்ணன் என்று ஒருவர், ஃபார்வர்டிங் ஏஜெண்ட். கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கத்தில் பத்திரம் போட்டு, லோரி அனுப்பி, போர்ட்டிலிருந்து, அதாவது துறைமுகத்திலிருந்து, வெளியே எடுத்துக் கொடுக்கிற வேலை. அவரிடம் லோரி ஓட்டுகிற என் தம்பி குமார்தான் என்னை அவரிடம் சேர்த்துவிட்டான். வீட்டு முன்ஹால்தான் அலுவலகம். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வாசலில் கேமரா, பத்திரம் போட லெட்சுமி என்கிற கிராணி, அதாவது குமாஸ்தா.

அங்கே ஒரு சுவிட்ச் வைத்தேன். விளக்கு போடுகிற சுவிட்ச் இல்லை. எல்லாக் கம்ப்யூட்டரின் கேபிளும் வந்து சேர்கிற சின்னப் பெட்டி. கேபிள் செருகும் ஓட்டைக்குத்தான் எங்கள் தொழிலில் போர்ட் என்று பெயர். அண்ணன் வெளியே இருக்கும்போதும் கேமராவைப் பார்க்க வேண்டும் என்றார். அதற்காக ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். திரையில் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்று வந்தது. என் தோளுக்குப் பின்னால் நின்று அண்ணன் அதைப் படித்தார்.

"தனம், நம்ம தொழில இதுல போட்டிருக்கான் பாரு."

"அது வேற போர்ட்டுண்ணே."

"வேற போர்ட்டா? பினாங்கா?"

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் கிள்ளானில் பேய்மழை, இடி. மறுநாள் காலையில் லெட்சுமி போன் அடித்தாள்.

"அக்கா, லைன் இல்ல. பிரிண்டரும் வேல செய்யல."

மேசைக்கு அடியில் போய் அந்தப் பெட்டியில் எத்தனை விளக்கு எரிகிறது என்று பார்க்கச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு அவள் குனிந்திருக்கிறாள். முதல் இரண்டு விளக்கு மட்டும் எரிகிறது என்றாள்.

"அப்ப மூணாவது போர்ட்டுலேருந்து எல்லாம் போச்சு," என்றேன். "நேத்து இடி எறங்கியிருக்கு. மொத ரெண்டயும் நம்ப முடியாது, எப்ப வேணா சாவும். நான் சொல்ற வரைக்கும் ஒன்னும் அனுப்பாதீங்க."

சுத்தமான, சரியான பேச்சு. இதில் ஒரு வார்த்தை தப்பு சொல்லுங்கள் பார்ப்போம். ஆனால் அதே நேரத்தில் மணியம் அண்ணன் ஹாலுக்குள் நுழைந்திருக்கிறார். லெட்சுமி மேசைக்கு அடியில். மேசைமேல் போன். அதிலிருந்து ஒரு பெண் அதிகாரமாகப் பேசுகிறாள். போர்ட்டில் இடி, ஒன்றும் அனுப்பாதே. மனிதர் அப்படியே திரும்பி வாசலுக்கு ஓடிவிட்டார். அவர் வந்து போனதே லெட்சுமிக்குத் தெரியாது.

அன்றைக்கு அவருக்கு ஒரு கண்டெய்னர் எடுக்க வேண்டியிருந்தது. காஜாங்கில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற முதலாளி ஒருவருடைய சின்ன வெங்காயம். அந்த முதலாளி ஒருவர்தான் அண்ணனுக்குப் பெரிய வாடிக்கை. போன தடவை ஒரு கண்டெய்னர் தாமதமானதற்கே, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஏஜெண்டிடம் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். அவர் போய்விட்டால் முன்ஹாலில் மறுபடி சோபா போட வேண்டியதுதான்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. புது சுவிட்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு ஃபெடரல் ஹைவேயில் கிளம்பினேன். பாதி வழியில் தம்பி குரல் பதிவு அனுப்பியிருந்தான்.

"அக்கா, இன்னைக்கி எனக்கு வேல இல்ல. போர்ட்டுல இடி எறங்கி எல்லாம் போச்சாம், பாஸ் சொன்னாரு. மேரு ரோட்டுல லோரிய ஓரங்கட்டிட்டு ரொட்டி சானாய் சாப்புட்டுக்கிட்டிருக்கேன். லோரிக்காரங்க குரூப்லயும் போட்டுட்டாரு, ஒருத்தரும் போவல."

பாவம் அண்ணன், வீட்டில் நெட்வொர்க்கும் போச்சு, அங்கே போர்ட்டும் போச்சு, ஒரே நாளில் இரண்டு இடியா என்று எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஆறுதல் சொல்ல என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

போனபோது அண்ணன் வாசல் நாற்காலியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"வெங்காயம் பொட்டிக்குள்ளயே அவிஞ்சிரும் தனம். காஜாங் முதலாளி போனயே எடுக்க மாட்டறாரு. என் கத முடிஞ்சிச்சி."

"அவ்ளோ பெரிய போர்ட்டு எப்படிண்ணே ஒரு இடிக்குப் போவும்? யாரு சொன்னா?"

"போர்ட்டு ஆபீஸ்லேருந்து ஒரு பொம்பள பேசுனா. என் காதால கேட்டேன்."

"என்னான்னு?"

"மூணாவது போர்ட்டுலேருந்து எல்லாம் போச்சி, ஒன்னும் அனுப்பாதீங்கன்னு."

என் கையில் இருந்த சுவிட்ச் பெட்டியைப் பார்த்தேன். அதன்மேல் 'எட்டு போர்ட்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"அண்ணே, அந்தப் பொம்பள நாந்தான்."

அவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எப்ப போர்ட்டுல வேலைக்கிச் சேந்த?"

உள்ளேயிருந்து லெட்சுமி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நான் பெட்டியைப் பிரித்து மூணாவது ஓட்டையில் விரலை வைத்துக் காட்டினேன். புரிந்த அடுத்த நொடி அண்ணன் குமாருக்குப் போன் அடித்தார். "ரொட்டிய வெச்சிட்டு லோரில ஏறுடா." குமார் என்ன ஏது என்று கேட்டதற்கு, "ஒங்கக்காகிட்ட கேளு," என்று வைத்துவிட்டார்.

நான் சுவிட்சை மாற்றினேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. என் வாயால் ஒரு மனிதர் பிழைப்பு போய்விடுமோ என்று உண்மையிலேயே பயந்துவிட்டேன். பிரிண்டர் ஓடியது. யாரும் கைதட்டவில்லை.

மத்தியானத்துக்குள் குமார் போன் அடித்தான். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். அந்த ஸ்பீக்கரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்தது.

"பாஸ், கியூவே இல்ல. வழக்கமா நிக்கிற நம்மாளுங்க லோரி ஒன்னயும் காணோம். நேரா உள்ள போயி எடுத்துட்டேன். காஜாங்குக்குப் போயிக்கிட்டிருக்கேன்."

வெங்காயம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு சீக்கிரம் எந்த ஏஜெண்டும் எடுத்துக் கொடுத்ததில்லை என்று காஜாங் முதலாளி அவரே கூப்பிட்டுச் சொன்னாராம். அண்ணன் அதை அடக்கமாக ஏற்றுக்கொண்டார்.

அதனால், வேலைக்கு வருகிற பிள்ளைகளே, ஒரு வீட்டில் டிரில் மெஷினை எடுப்பதற்கு முன்னால் அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் தொழிலில் ஏற்கெனவே இருக்கிற வார்த்தையை நீங்கள் வாயில் எடுக்காதீர்கள். நான் இப்போதெல்லாம் ஓட்டை என்றுதான் சொல்கிறேன். பல் கிளினிக்கில் மட்டும் அதையும் சொல்வதில்லை.

அடுத்த வாரமே மணியம் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"தனம், பசியாறிட்டியா?"

"ஆச்சிண்ணே. என்னா, லைன் இல்லையா?"

"லைனெல்லாம் நல்லா இருக்கு. காஜாங் முதலாளிக்கு இன்னொரு கண்டெய்னர் வருது. போர்ட்டுல ஒரே கியூவாம்." குரலைத் தாழ்த்தினார். "லெட்சுமிய மேசைக்குக் கீழ அனுப்பிட்டேன். அன்னைக்கிப் பேசுன மாரியே ஒருக்கா பேசிக் குடேன்லா."